நோ போனது குணமல்ல

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் பின்னேரம் பந்து உருளத் தொடங்கினால், இருட்டுவதற்குள் யாராவது ஒருவர் கணுக்காலைப் பிடித்தபடி கோட்டுக்கு வெளியே குந்தியிருப்பார். அடுத்து நடப்பதை நான் முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். ஒருவர் சப்பாத்தைக் கழற்றிக் காலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார். இன்னொருவர் மீன்பெட்டிக்குப் போடும் ஐசில் ஒரு கட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு ஓடிவருவார். வீட்டுக்குப் போனால் எண்ணெய் காய்ச்சுவார்கள். "மூன்று கிழமை காலை ஊன்றாதே தம்பி, நோ போனதும் விளையாடலாம்" என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிடுவார். மூன்று கிழமையில் நோ போய்விடும். பையன் திரும்ப இறங்குவான். ஒரு மாதத்துக்குள் அதே கால் அதே பக்கம் பிரளும். மூன்றாம் தடவைக்குப் பிறகு அவன் கோட்டுக்கு வெளியிலேயே நிற்கத் தொடங்குகிறான். "அவன்ர கால் ராசியில்லாத கால்" என்று ஊரும் சொல்லி முடித்துவிடுகிறது.

அந்தக் காலுக்கு ராசியில் குறை இல்லை, வைத்தியத்தில்தான் குறை. அடிபட்ட உடம்புக்கு ஓய்வுதான் மருந்து, எண்ணெயும் கட்டும்தான் சிகிச்சை, அதற்கும் அடங்காவிட்டால் ஒப்பரேசன். திருகோணமலையில் இதை நம்பாத வீடு அரிது. இந்த வரிசையில் பிசியோதெரபிஸ்டுக்கு, அதாவது இயன்மருத்துவருக்கு, இடமே இல்லை. "அவர் என்ன செய்கிறார், எக்சசைஸ்தானே சொல்லித் தருகிறார்" என்று கேட்பவர்கள் படிக்காதவர்கள் அல்ல. உடற்கல்வி ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பயிற்றுவிப்பாளர்கள் கேட்கிறார்கள். பிள்ளையின் டியூசனுக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கட்டும் பெற்றோர் கேட்கிறார்கள். சில வைத்தியர்களே கேட்கிறார்கள். நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிந்து வந்த ஒருவரை வெப்ப விளக்குப் பிடிக்கும் உதவியாளராக நினைப்பது அடியிலிருந்தே பிழை. இந்த எண்ணத்தால் எத்தனை பிள்ளைகள் மைதானத்தை விட்டுப் போனார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஓய்விலிருந்து தொடங்குகிறேன். 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று கிழமை கட்டிலில் படுக்கவைத்துச் சோதித்தார்கள். ஐந்து பேரும் நல்ல சுகதேகிகள். மூன்று கிழமை முடிய, உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் விழுந்திருந்தது. அதே ஐந்து பேரையும் 30 வருடம் கழித்து, 1996இல், அவர்களுடைய 50 வயதில் திரும்பச் சோதித்தார்கள். 30 வருட முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட அந்த மூன்று கிழமைக் கட்டில் எடுத்துக்கொண்டது அதிகமாக இருந்தது. நாங்கள் மருந்தென்று எழுதிக் கொடுக்கும் பொருள் இதுதான். 1995இல் ஹெல்சிங்கியில் முதுகுப் பிடிப்போடு வந்த நகரசபை ஊழியர்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தபோதும், இரண்டு நாள் படுக்கையில் கிடந்தவர்களைவிட, முடிந்தவரை வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் முந்திக் குணமானார்கள்.

ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, உயர்த்தி வை என்ற நாலு சொல் மந்திரத்தை உலகத்துக்குக் கொடுத்தவர் கேப் மெர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். 1978இல் வந்த அவருடைய விளையாட்டு மருத்துவ நூலில் அது இருக்கிறது. அவரே 2014இல், ஐசும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதித் தன் சொல்லைத் திருத்திக்கொண்டார். சொன்னவர் திருத்தியதை நாங்கள் இன்னும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். முதல் ஒன்றிரண்டு நாள் காலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அதை எந்தப் பிசியோவும் மறுக்கமாட்டார். கேள்வி மூன்றாம் நாளிலிருந்து என்ன செய்வது என்பதுதான்.

கணுக்கால் பிரளும்போது வெளிப்பக்கத் தசைநார் இழுபட்டுக் கிழிகிறது. கிழிந்த இடத்தை உடல் புதிய நாரால் நிரப்புகிறது. அந்தப் புதிய நார் முதலில் சிக்குப்பிடித்த நைலோன் நூல்போல எல்லாத் திசையிலும் கிடக்கும். அதை ஒரு திசைக்கு வரிசைப்படுத்துவது சுமைதான். மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுக்கும் இழுவிசைக்கு ஏற்ப நார் தன்னை அடுக்கிக்கொள்கிறது. இது முடிய மாதக்கணக்கு ஆகும், நோவோ கிழமைக்கணக்கில் போய்விடும். இன்னொன்றும் நடக்கிறது. கால் எந்தச் சரிவில் நிற்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு நுனிகள் அந்தத் தசைநாருக்குள் இருக்கின்றன. தசைநார் கிழிந்தால் அந்தச் செய்தியும் பிந்துகிறது. புல்லில் ஒரு பள்ளம் வந்தால் கால் மடிந்த பிறகுதான் தசை விழித்துக்கொள்கிறது. ஒருமுறை பிரண்ட கணுக்கால் திரும்பத் திரும்பப் பிரள்வதற்குக் காரணம் இது. இதற்கு எண்ணெயில் மருந்து இல்லை. ஒற்றைக் காலில் நிற்கப் பழகவேண்டும், கண்ணை மூடி நிற்கப் பழகவேண்டும், தலையணையில் நிற்கப் பழகவேண்டும். நிற்பவரைப் பார்ப்பவருக்கு இது வைத்தியமாகத் தெரியாது என்பதுதான் பிசியோவின் துரதிர்ஷ்டம்.

கடற்கரையில் வளர்ந்த நமக்கு இது விளங்காத விஷயமே அல்ல. கரைவலை இழுக்கும் கைகளைப் பாருங்கள். கயிறு பட்ட இடத்தில்தான் தோல் தடித்துக் காய்த்திருக்கிறது, சும்மா இருந்த இடத்தில் அல்ல. அம்பாப் பாடிக்கொண்டு ஒரு தாளத்தில் இழுத்த இழுவைதான் அந்தத் தோளையும் முதுகையும் கட்டியது. உடல் கேட்கப்பட்டதைத் தருகிறது, கேட்காவிட்டால் விட்டுவிடுகிறது. இந்த அறிவு நம் கைகளில் இருக்க, கால் பிரண்டவுடன் அதை ஏன் மறக்கிறோம் என்பது எனக்கு விளங்குவதில்லை.

எனக்கு 19 வயதில் வலது கணுக்கால் போனது. வைத்தியத்துக்குப் போன இடத்தில் எலும்பு உடையவில்லை என்று சொல்லி, இறுக்கிக் கட்டி, மூன்று கிழமை ஓய்வென்று அனுப்பினார்கள். கட்டை அவிழ்த்த அன்று கெண்டைக்கால் மற்றதைவிட மெலிந்திருந்ததை நானே கண்டேன், கேட்டேன். "நடக்க நடக்கச் சரிவரும்" என்றார்கள். வரவில்லை. இன்றைக்கும் கோட்டை வாசலால் ஏறிக் கோணேசர் கோயிலுக்குப் போனால், திரும்பி இறங்கும் சரிவில் அந்தக் கால் தனியாகத் தெரியும். பன்னிரண்டு கிழமை, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஒரு படியும் ஒரு தலையணையும் போதுமாயிருந்தது. அதைச் சொல்ல அன்றைக்கு அந்த இடத்தில் ஒருவர் இருக்கவில்லை.

சுமைதான் வைத்தியம் என்பதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த சாட்சி சுவீடன்காரர், பெயர் ஹாக்கன் அல்ஃப்ரெட்சன். எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர், ஓட்டக்காரர், குதிகாலுக்கு மேலுள்ள பெருந்தசைநாரில் தீராத நோ. தனக்குச் சத்திரசிகிச்சை செய்யும்படி கேட்டார், மேலதிகாரி மறுத்தார். தசைநார் அறுந்தால் செய்துதானே ஆகவேண்டும் என்று நினைத்து, அதை அறுக்கும் நோக்கத்தோடு படியின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கி இறக்கிச் சுமையேற்றினார். அறவில்லை, நோ போய்விட்டது. பிறகு 15 ஓட்டக்காரர்களுக்கு அதையே நாளுக்கு 180 தடவை, 12 கிழமை கொடுத்தார். 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். 1998இல் அது வெளியானது. செலவு ஒரு படிக்கட்டு.

இங்கே முறிவு நெரிவு வைத்தியரை இழுக்காமல் பேச முடியாது. நான் அவர்களைத் தாழ்த்திப் பேச வரவில்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது, அது மதிப்போடு இருக்கவேண்டிய கல்வி. பரம்பரை வைத்தியரிடம் நான் மதிக்கும் ஒரு குணம் உண்டு. அவர் நோயாளியை ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்கிறார். இன்னாருடைய பிள்ளை என்று விசாரிக்கிறார், என்ன சாப்பிடவேண்டும், எப்படிப் படுக்கவேண்டும் என்று சொல்கிறார். ஐந்து நிமிடத்தில் துண்டெழுதி அனுப்பும் இடங்களில் இது இல்லை. ஆனால் அடிபட்ட அன்றே வீக்கத்தின் மேல் அழுத்தித் தடவுவதையும், எலும்பு உடைந்ததா என்று பார்க்காமலே மூட்டை இழுத்துவிடுவதையும், விரல் நுனி நீலம் பாயும்வரை மட்டை வைத்து இறுக்குவதையும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். இறுக்கிய கட்டுக்குள் வீக்கம் ஏறினால் இரத்த ஓட்டம் நின்று தசை செத்துப்போகும், அதற்கு மணிக்கணக்குப் போதும். எக்ஸ்ரே தேவையா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதி: கணுக்கால் முட்டி எலும்புகளின் பின் விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் நோகிறதா, அடிபட்டவுடனும் வைத்தியரிடம் வந்தபோதும் நாலு அடி வைக்க முடிகிறதா? எலும்பில் நோகாமல், நாலு அடியும் வைக்க முடிந்தால் முறிவுக்கான வாய்ப்பு மிகக் குறைவு. நடுப்பாதத்துக்கும் இதுபோல விதி இருக்கிறது. ஒவ்வொரு பயிற்றுவிப்பாளரும் மனப்பாடம் பண்ணவேண்டியது இது. காலைச் சுண்டுவதற்கு முதல் நாலு அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

பிசியோக்களின் பக்கமும் பிழை இருக்கிறது. வயர் பூட்டினால்தான், ஜெல் பூசி மெசினை உருட்டினால்தான் வைத்தியம் நடந்ததாக நோயாளி நம்புகிறார் என்று தெரிந்து, சிலர் அதையே செய்து அனுப்புகிறார்கள். பிரண்ட கணுக்காலுக்கு அல்ட்ராசவுண்ட் சிகிச்சை சொல்லத்தக்க பலன் எதையும் தரவில்லை என்று கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2011இலேயே சொல்லிவிட்டது. சூடு சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் வாளியால் அள்ளி ஊற்றினாலும் சுகமாகத்தான் இருக்கும். சுகம் தசையைக் கட்டாது. மெசினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிசியோ, தன் தொழிலைப் பற்றி ஊர் வைத்திருக்கும் தாழ்ந்த எண்ணத்துக்குத் தானே சாட்சி சொல்கிறார்.

அடுத்தது ஒப்பரேசன். முழங்காலுக்குள் குறுக்காக நிற்கும் முன்சிலுவைத் தசைநார், ஏசிஎல் என்று எல்லோரும் சொல்வது, அறுந்துவிட்டால் கொழும்புக்குக் கொண்டுபோய் வெட்டினால்தான் சரி, பிசியோ எல்லாம் காசில்லாதவர்களுக்கு என்று ஒரு பேச்சு இருக்கிறது. 2010இல் சுவீடனில் ஏசிஎல் அறுந்த, சுறுசுறுப்பாக விளையாடிவந்த இளவயதினர் 121 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு உடனே சத்திரசிகிச்சையும் பயிற்சியும், மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு சத்திரசிகிச்சை. இரண்டு வருடத்தில் இரு பகுதியின் முழங்கால்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாம் பகுதியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த இரண்டு வருடத்தில் கத்தியே படாமல் இருந்தார்கள். கத்தி தேவைப்படும் முழங்கால்கள் இருக்கின்றன, அவற்றுக்கு வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டியவருக்கும் வெட்டாதவருக்கும் பொதுவாக இருந்தது பயிற்சி. நாங்கள் உபரி என்று ஒதுக்குவதும் அதையே. ஒஸ்லோவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு இன்னும் கடுமையாகச் சொல்கிறது. ஏசிஎல் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதம்வரை, ஒவ்வொரு மாதம் பொறுத்திருக்கும்போதும் அந்த முழங்கால் திரும்ப அடிபடும் வீதம் பாதியாகக் குறைகிறது. திரும்பி விளையாடுவதற்கான பரீட்சைகளில் தேறாமல் இறங்கியவர்களில் 38 வீதம் பேர் திரும்ப அடிபட்டார்கள், தேறி இறங்கியவர்களில் 6 வீதத்துக்கும் குறைவு. அந்தப் பரீட்சையை வைப்பவர் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல, பயிற்றுவிப்பாளர் அல்ல, அப்பாவும் அல்ல.

இதெல்லாம் பெரிய வீரர்களுக்கு என்பார்கள். 1995இல் இலங்கைக் கிரிக்கெட் அணிக்கு டேவ் வட்மோர் பயிற்றுவிப்பாளராக வந்தபோது பிசியோவாக அலெக்ஸ் கவுன்டூரிஸ் வந்தார். அடுத்த வருடம் உலகக் கிண்ணம் வந்தது. அரவிந்தவையும் ஜயசூரியவையும் நினைவிருக்கும் நமக்கு அவரை நினைவில்லை. சரி, தேசிய அணிக்கு வேண்டுமானால் எங்களுக்கு ஏன் வேண்டாம்? கிரிக்கெட் வீரருக்குக் கால் போனால் சம்பளமும் மாற்று வீரரும் இருக்கும். சனிக்கிழமை உதைபந்து ஆடிவிட்டுத் திங்கட்கிழமை சீனன்குடாப் பக்கம் மூட்டை தூக்கப் போகும் இளைஞனுக்குக் கால் போனால் வீட்டில் அடுப்பும் நின்றுபோகும். யாருக்கு இந்தச் சிகிச்சை கூடுதலாக வேண்டும்?

பெண்பிள்ளைகளின் கதை இதைவிட மோசம். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்பிள்ளைகளைவிட அவர்களுக்கு ஏசிஎல் அறுவது இரண்டு மூன்று மடங்கு அதிகம். அறுந்த பிறகு வீட்டில் சொல்லப்படும் வசனம் ஒன்றுதான்: "பொம்பிளைப் பிள்ளைக்கு இனி ஏன் இந்த விளையாட்டு." அண்ணனுக்கு மூன்று கிழமை ஓய்வென்றால், தங்கைக்கு ஆயுள் முழுக்க ஓய்வு. ஓய்வே மருந்து என்ற எண்ணம் இந்த வீடுகளுக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று கவனியுங்கள்.

போன வருடம் நகரத்தில் ஒரு சிறிய கிளினிக்கில் அப்படி வீட்டில் நிறுத்தப்படாமல் தப்பிவந்த ஒரு பிள்ளையைப் பார்த்தேன். உயர்தரம் படிக்கிறாள், வலைப்பந்தில் முழங்கால் போய்ச் சத்திரசிகிச்சை முடிந்து ஏழு மாதம். அறையில் மெசின் எதுவும் ஓடவில்லை. ஒரு முழங்கால் உயரப் பலகைப் பெட்டி, சுவரில் கட்டிய ரப்பர் பட்டி, சீமெந்துத் தரை. பிள்ளை பெட்டியில் ஏறி நின்று இறங்கிக் குதிக்கவேண்டும். பிசியோ கதிரையை விட்டுவிட்டுத் தரையில் சம்மணம் கட்டி இருந்தார், கண் பிள்ளையின் முழங்கால் மட்டத்தில். "பிள்ளை, முழங்கால் உள்ளுக்குப் போகுது. திரும்ப." குதித்தாள். "இப்பவும் போகுது. பெருவிரலுக்கு நேரா வையுங்கோ. திரும்ப." பதினோராவது தடவையில்தான் தலையை ஆட்டினார். என் கண்ணுக்கு முதலாவதும் பதினோராவதும் ஒன்றுபோலவே இருந்தன. யூடியூப்பில் பார்த்துச் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்தப் பதினோரு தடவை. வீடியோவை நீங்கள் பார்க்கலாம், அது உங்கள் முழங்காலைப் பார்க்காது.

அடிபட்ட பிறகு வருவதற்கு முந்தி, அடிபடாமல் காக்கவும் இவர்கள் வேண்டும். 13 முதல் 17 வயதுவரையான நோர்வேப் பெண்பிள்ளைகள் 1892 பேரை வைத்து 2008இல் வெளியான ஆய்வில், பயிற்சிக்கு முன் இருபது நிமிடம் முறையாக உடலைத் தயார்செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடும் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகின. பந்தும் நிலமும் போதும், கருவி வேண்டாம். நம் பாடசாலைகளில் வருடத் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வருகிறது. மாதக்கணக்காகக் கதிரையில் இருந்த பிள்ளையை இரண்டு கிழமை வெயிலில் ஓடவிட்டு, மூன்றாம் கிழமை நூறு மீற்றருக்கு நிறுத்துகிறோம். பின்தொடைத் தசை கிழிந்து பாதிப் பாதையில் விழும் பிள்ளைக்கு எல்லோரும் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டல் எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை.

கடைசியாக ஒரு வாதம் வைப்பார்கள், அது கொஞ்சம் நியாயம் உள்ளது. வெருகலிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் ஒருவர் கிழமைக்கு இரண்டு தரம் பஸ் ஏறி வர முடியுமா, ஒரு நாள் கூலி போய்விடுமே, ஆகவே இது எங்கட இடத்துக்குச் சரிவராது என்பார்கள். கூலி போவது உண்மை. ஆனால் அதிலிருந்து எடுக்கவேண்டிய முடிவு வேறு. 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்கு மிதவைப் பாதையில் ஏறித்தான் போனோம். தூரம் இருந்தது என்பதற்காகக் கிண்ணியாவுக்கு வைத்தியம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, பாலம் கேட்டோம். இன்றைக்குக் கேட்கவேண்டியது மூதூரிலும் கிண்ணியாவிலும் கந்தளாயிலும் போதுமான பிசியோக்கள், தமிழில் பேசி விளங்கப்படுத்தக்கூடியவர்கள், வீட்டில் செய்யத்தக்க பயிற்சியை எழுதிக் கொடுத்து மாதம் ஒருமுறை பார்ப்பவர்கள்.

சரிவராது என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. யுத்தம் நடந்த காலத்தில், 1987இல், யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கப்பட்டது. மிதிவெடியில் கால் போனவர்கள் பொய்க்கால் பூட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே அடி வைத்துப் பழகியதை வடக்கும் கிழக்கும் கண்ணால் கண்டிருக்கின்றன. அவர்களிடம் யாராவது ஓய்வெடு என்று சொன்னோமா? இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் 1944இல் ஸ்ரோக் மண்டவிலில் பொறுப்பேற்கும் வரை, முள்ளந்தண்டு அடிபட்ட போர்வீரர்களைப் படுக்கவைத்துச் சாவுக்குக் காத்திருந்தார்கள். அவர் அவர்களை எழுப்பி இருத்தி, கையில் வில்லைக் கொடுத்து, 1948இல் போட்டியும் நடத்தினார். இன்றைய பராலிம்பிக் அங்கிருந்து வந்தது. காலே இல்லாதவருக்குப் பயிற்சிதான் வழி என்று ஒத்துக்கொண்ட சமூகம், கால் பிரண்ட பிள்ளைக்கு ஓய்வுதான் வழி என்று எப்படிச் சொல்லும்?

அந்தக் கிளினிக்கில் நான் எழும்புகிற நேரம் பிள்ளைக்கு அன்றைய கடைசி வேலை இருந்தது. வெண்கட்டியால் தரையில் ஒரு கோடு. நல்ல காலில் நின்று பாய்ந்து அதே காலில் இறங்கினாள்: 131 சென்ரிமீற்றர். சத்திரசிகிச்சை செய்த காலில் பாய்ந்தாள்: 112. பிசியோ அளவு நாடாவைப் பிடித்து, 118இல் இன்னொரு கோடு கீறினார். நல்ல காலின் தொண்ணூறு வீதம் அது.

"மிஸ், நோ ஒண்டுமே இல்லை. வாற சனிக்கிழமை மேட்ச் இருக்கு."

"நோவைக் கேக்கேல்லை பிள்ளை," என்று பிசியோ 118இன் மேல் விரலை வைத்தார். "இதில வந்து இறங்கவேணும். பத்துத் தரம் இறங்கினால்தான் அடுத்த சோதினை. அதுக்குப் பிறகும் ஒன்பது மாசம் முடியவேணும்."

பிள்ளை அந்த ஆறு சென்ரிமீற்றரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பின்னால் போய் முதல் கோட்டில் காலை வைத்தாள்.